ஏட்டின் கறைகளும் மனிதரின் கடன்களும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்று நாவல் என்றதும் குதிரைக் குளம்பொலியும், சுரங்கப் பாதையும், மாறுவேடத்தில் வரும் இளவரசனும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இயல்பு. நாம் கல்கி வளர்த்த வாசகர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாவல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதில் போர்க்களத்தில் நிற்கும் மன்னன் எவனும் இல்லை. இதன் நாயகன் ஒரு நூல். கையால் எழுதப்பட்டு, பொன்னும் செம்பும் வர்ணமும் இட்டு அலங்கரிக்கப்பட்ட ஒரு பழைய ஏடு. அந்த ஏடு கைமாறிக் கைமாறி ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து வந்த கதையைச் சொல்ல முனைகிறது நாவல்.

நாவலின் பெயர் 'பீப்பிள் ஒஃப் த புக்'. யூதரையும் கிறிஸ்தவரையும் குறித்துத் திருக்குர்ஆன் வழங்கும் 'வேதத்தையுடையோர்' என்ற தொடரே ஆங்கிலத்தில் இந்த வடிவம் பெற்றிருக்கிறது. எழுதியவர் ஜெரால்டின் புரூக்ஸ். சிட்னியில் பிறந்தவர். 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகையின் செய்தியாளராகப் போர் நடந்த நாடுகள் பலவற்றுக்குச் சென்றவர். 'மார்ச்' என்ற நாவலுக்காக 2006 இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அதன் பின்னர், 2008 இல் வெளிவந்தது இந்த நாவல். உலகெங்கும் நன்றாக விற்பனையானது. பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. ஆயினும் எனக்கு இது பெரிய ஏமாற்றத்தையே தந்தது. ஏன் அப்படி என்று சொல்வதே இன்றைய உரையின் நோக்கம். ஒரு நல்ல எழுத்தாளர் நல்ல விடயத்தை எடுத்துக்கொண்டு எங்கே தவறினார் என்று பார்ப்பதில், மோசமான நூலொன்றைக் கண்டிப்பதைவிட அதிக பயன் உண்டு.

முதலில் அந்த ஏட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது கற்பனையன்று. 'சராயேவோ ஹகாதா' என்று அதற்குப் பெயர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தம் முன்னோர் மீண்டதை நினைத்து, யூதக் குடும்பங்கள் பாஸ்காத் திருநாளின் இரவு உணவின்போது வாசிக்கும் நூலே ஹகாதா. கோவிலில் வைத்துப் பூட்டும் நூலன்று. சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் சூழ்ந்திருக்க விரித்து வைக்கப்படும் நூல். ஆகவே அதன் தாள்களில் திராட்சை ரசம் சிந்தியிருக்கிறது. தாள் என்றேன்; உண்மையில் அது பதப்படுத்திய கன்றுத்தோல். 1350 ஆம் ஆண்டளவில் ஸ்பெயினில் உருவானது. அதன் தொடக்கத்திலே 34 பக்கங்களுக்கு, உலகம் படைக்கப்பட்டது முதல் மோசேயின் மரணம் வரையிலான காட்சிகள் வர்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன.

1492 இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏடும் அவர்களோடு வெளியேறியது. 1609 இல் அது இத்தாலியில் இருந்தது என்பதற்குச் சான்று ஏட்டிலேயே உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைக்காக நூல்களைத் தணிக்கை செய்த விஸ்தோரினி என்பவர், இதை எரிக்கத் தேவையில்லை என்று அனுமதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். பின்னர் 1894 இல், பொஸ்னியாவின் சராயேவோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தார் இதை அங்குள்ள நூதனசாலைக்கு விற்றனர். ஆராய்ச்சிக்காக வியன்னாவுக்குச் சென்று திரும்பியது. இடைப்பட்ட காலங்களில் ஏடு யார் யாருடைய கையில் இருந்தது என்பது பெரும்பாலும் இருள்.

இந்த இருளைத்தான் நாவல் நிரப்புகிறது. அதற்கு ஆசிரியை வகுத்த அமைப்பு கெட்டித்தனமானது. 1996 ஆம் ஆண்டு, போர் ஓய்ந்த சராயேவோவுக்கு ஹன்னா ஹீத் என்னும் அவுஸ்திரேலியப் பெண் வருகிறாள். பழைய ஏடுகளைப் பழுதுபார்த்துப் பேணுவது அவள் தொழில். ஏட்டை விரித்துப் பார்க்கையில் அவளுக்குச் சில தடயங்கள் அகப்படுகின்றன: ஒரு பூச்சியின் சிறகு, திராட்சை ரசக் கறை, உப்புப் படிவு, ஒரு வெள்ளை மயிர். கட்டிலே இருந்திருக்க வேண்டிய வெள்ளிக் கொளுக்கிகளைக் காணவில்லை. ஒவ்வொரு தடயமும் ஒரு கதவாகத் திறக்கிறது. சிறகு 1940 ஆம் ஆண்டின் சராயேவோவுக்கும், கொளுக்கிகள் 1894 இன் வியன்னாவுக்கும், ரசக்கறை 1609 இன் வெனிஸுக்கும், உப்பு 1492 இன் தர்ரகோனாவுக்கும், மயிர் 1480 இன் செவில்லுக்கும் நம்மை அழைத்துச் செல்கின்றன. காலம் இவ்வாறு பின்னோக்கிப் போக, ஒவ்வொரு பழங்கதைக்கும் இடையே ஹன்னாவின் நிகழ்காலக் கதை வந்து வந்து போகிறது.

திட்டத்தைக் கேட்கும்போது வாசிக்க ஆவல் எழுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனது ஆவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளோடு சேர்ந்து சாம்பலாகின. சராயேவோவின் தேசிய நூலகம் 1992 ஓகஸ்டில் எறிகணை வீச்சில் எரிந்தது. எரிந்த நூலகத்தின் மணம் அறிந்த சமூகத்தைச் சேர்ந்தவன், எரியாமல் காப்பாற்றப்பட்ட ஒரு நூலின் கதையை எப்படித் தேடிச் செல்வான் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாவலின் நல்ல பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் நகர அத்தியாயம் உண்மையில் நன்றாக அமைந்திருக்கிறது. தணிக்கை செய்யும் பாதிரியார் விஸ்தோரினி குடிப்பழக்கத்தில் மூழ்கியவர். அவரிடம் ஏட்டைக் கொண்டுவரும் யூத குரு சூதாட்டத்தில் மாட்டிக்கொண்டவர். இருவரும் கல்விமான்கள், வாதம் செய்வதில் ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், ஆனால் ஒருவருடைய பேனாவில் மற்றவருடைய சமூகத்தின் நூல்களுக்கு உயிரும் மரணமும் இருக்கிறது. இப்படிப்பட்ட நட்பு எவ்வளவு தூரம் போகும்? இந்தக் கேள்வி அந்த அத்தியாயத்தை உயிரோடு வைத்திருக்கிறது. வரலாறு விட்டுச்சென்ற ஒரு கையெழுத்தைப் பார்த்து, 'இந்த மனிதன் ஏன் இதை எரிக்காமல் விட்டான்?' என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். நாவலாசிரியர் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

மற்ற இடங்களில் கேள்வி இதுவாக இல்லை. 'இந்தக் கறை எப்படி வந்தது?' என்பதே கேள்வியாக இருக்கிறது. அங்கேதான் சரிவு ஆரம்பமாகிறது.

முதலாவது குறை, காலங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. ஹன்னா பூச்சிச் சிறகைக் கண்டு, அது உயர்ந்த மலைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சியினுடையது என்று அறிகிறாள். ஆகவே ஏடு ஒரு காலத்தில் மலைப்பகுதியில் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறாள். அவ்வளவே அவளுக்குத் தெரியும். அந்த மலைக்கு ஏடு போன கதை முழுவதையும் அடுத்த அத்தியாயத்தில் வாசகர்களாகிய நாம் அறிந்துகொள்கிறோம். வெள்ளை மயிர் ஒரு பூனையின் மயிர் என்றும் அதில் மஞ்சள் நிறச் சாயம் இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியவருகிறது. அந்தத் தூரிகையைப் பிடித்திருந்த கையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அறிந்தவர் நாம், அறியாதவள் கதையின் நாயகி. கடந்தகாலம் நிகழ்காலத்தைப் பாதிக்காவிட்டால், இரண்டையும் மாறிமாறி அடுக்கி வைப்பதனால் என்ன பயன்? பல காலங்களைப் பின்னிய நாவல் என்கிறார்கள். பின்னுவதென்றால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இறுக வேண்டும். இங்கே இழைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இரண்டாவது குறை, ஒவ்வொரு பழங்கதையும் சூடு பிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. தர்ரகோனாவில் ஏட்டை எழுதிய குடும்பத்தின் மகள் ரூத்தி, செவில்லில் படங்களைத் தீட்டிய ஆபிரிக்க முஸ்லிம் பெண் ஸஹ்ரா, இவர்கள் தனித்தனி நாவலுக்குரிய பாத்திரங்கள். இவர்களுக்குக் கிடைத்திருப்பதோ சில பத்துப் பக்கங்கள். அதற்குள் பிறப்பு, காதல், சித்திரவதை, தப்பியோட்டம் எல்லாம் நடந்தாக வேண்டும். மூன்றாவது கதைக்கு வரும்போதே நமக்கு வாய்பாடு பாடமாகிவிடுகிறது: ஒருவர் அறிமுகமாவார், அவருக்குக் கொடுமை நேரும், ஏடு தப்பும். கொடுமை வாய்பாடாகும்போது அது நம்மைத் தொடுவதில்லை. மனிதர் அழிவதும் கறை விழுவதற்கான ஒரு காரணமாகச் சுருங்கிப்போகிறது.

இந்த இடத்தில் வேறொரு நாவலை நினைவூட்ட விரும்புகிறேன். உருது மொழியில் குர்ரத்துலைன் ஹைதர் எழுதி 1959 இல் வெளிவந்த 'ஆக் கா தரியா'. 'அக்னி நதி' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. மௌரியர் எழுச்சி பெற்ற காலத்தில் தொடங்கி இந்தியப் பிரிவினைக்குப் பின்வரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீளும் கதை அது. அங்கே காலங்களை இணைக்க ஏடும் இல்லை, கறையும் இல்லை. கௌதமன், சம்பா, கமால் என்ற பெயர்கள் மட்டும் யுகத்துக்கு யுகம் திரும்ப வருகின்றன. வேறு மனிதர், அதே பெயர். ஆனால் ஒரு காலத்தில் எழுந்த கேள்வி அடுத்த காலத்தில் வேறு உருவில் எழுகிறது. பிரிவினையில் அது நெருப்பாகிறது. வாசித்து முடிக்கும்போது பழைய அத்தியாயங்களின் பொருளே நமக்கு மாறிவிடுகிறது. புரூக்ஸின் நாவலில் ஓர் அத்தியாயத்தைக் கழற்றி எடுத்துவிட்டாலும் மற்றவை அசையாமல் இருக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. அதைச் சொல்வதற்கு மறுபடியும் உண்மை வரலாற்றுக்குப் போக வேண்டும்.

1942 இல் சராயேவோ நாஸிகளின் பிடியில் இருந்தது. ஜேர்மன் தளபதி ஃபோர்ட்னர் நூதனசாலைக்கு வந்து ஹகாதாவைக் கேட்டார். அங்கு நூலகப் பொறுப்பாளராக இருந்தவர் டேர்விஷ் கோர்குத் என்னும் முஸ்லிம் அறிஞர். அவர் ஏட்டைத் தம் உடைக்குள் மறைத்துக்கொண்டார். ஏற்கெனவே ஒரு ஜேர்மன் அதிகாரி வந்து அதை வாங்கிச் சென்றுவிட்டார் என்று தளபதிக்குச் சொல்லப்பட்டது. பின்னர் ஏடு ஒரு மலைக்கிராமத்தில் முஸ்லிம்களால் மறைத்து வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் கோர்குத்தும் அவர் மனைவி செர்வெத்தும் மீரா பப்போ என்ற யூத இளம்பெண்ணைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார்கள். முஸ்லிம் வேலைக்காரப் பெண் என்று அயலவருக்குச் சொன்னார்கள். மாதங்கள் சென்று அவள் தப்பிப் போனாள்.

போர் முடிந்ததும் புதிய கம்யூனிஸ்ட் அரசு கோர்குத்தையே சிறையில் அடைத்தது. மீராவை வந்து சாட்சி சொல்லும்படி செர்வெத் கேட்டார். மீரா போகவில்லை. அந்தப் பாரம் அவர் நெஞ்சில் கிடந்தது. இஸ்ரேலில் முதுமையெய்திய பின்னர்தான் நடந்ததை எழுதி, யாட் வாஷேம் நினைவகத்துக்கு அனுப்பினார். 1994 இல் கோர்குத் தம்பதியர் அங்கே கௌரவிக்கப்பட்டனர். கோர்குத் அதற்கு முன்பே, 1969 இல், காலமாகிவிட்டார். ஐந்து ஆண்டுகள் சென்றன. 1999 இல் கொசோவோவிலிருந்து அல்பேனிய முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, துரத்தப்பட்டவர்களுள் கோர்குத்தின் மகளும் ஒருவர். அவர் கையில் இருந்தது தம் பெற்றோருக்குக் கிடைத்த அந்தக் கௌரவச் சான்றிதழின் பிரதி. அதைக் காட்டினார். இஸ்ரேல் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. விமான நிலையத்தில் வந்து அவரை வரவேற்றவர் மீராவின் மகன்.

நேயர்களே, இதைக் கேட்கும்போது உங்கள் உடல் சிலிர்க்கவில்லையா? 1942 இல் செய்த ஒரு செயல் 57 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது. இதிலே தற்செயல் என்று ஒதுக்கக்கூடியது மிகக் குறைவு. கொடுத்த கடன் இருந்தது. சொல்லாமல் விட்ட சாட்சி இருந்தது. அதைத் தாமதமாகவேனும் சொல்லிய மனச்சாட்சி இருந்தது. ஆகவே ஒரு காலம் இன்னொரு காலத்தைத் தொட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த வரலாற்றை உலகுக்கு விரிவாக எழுதியவர் இதே ஜெரால்டின் புரூக்ஸ்தான். நாவல் வருவதற்குச் சற்று முன்னர், 2007 டிசம்பரில் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் நீண்ட கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரையில் செய்தியாளருக்குரிய அடக்கம் இருக்கிறது. நாவலில் அது இல்லை. நாவலிலும் கோர்குத் இருக்கிறார், ஷெரிஃப் கமால் என்ற பெயரில். மீரா இருக்கிறார், லோலா என்ற பெயரில். ஆனால் கடன் திரும்பிய அந்த 1999 இல்லை. அதற்குப் பதிலாக ஆசிரியை என்ன வைத்திருக்கிறார்?

ஒரு திருட்டை வைத்திருக்கிறார். நாவலின்படி, 1992 இல் குண்டுமழைக்கு நடுவே ஏட்டைக் காப்பாற்றியவர் ஒஸ்ரென் கரமான் என்ற நூதனசாலை அலுவலர். ஹன்னாவின் காதலரும் அவரே. ஹன்னாவின் குருவான வேர்னர் ஹைன்ரிச்சும் அவரும் சேர்ந்து உண்மை ஏட்டின் இடத்தில் போலி ஒன்றை வைத்துவிட்டு, அசலை இஸ்ரேலுக்குக் கடத்திவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அது யாட் வாஷேம் நூலகத் தட்டிலே கிடக்க, அங்கே தூசி தட்டும் மூதாட்டி கண்டெடுக்கிறார். அந்த மூதாட்டி யார்? கமால் காப்பாற்றிய அதே லோலா! பின்னர் ஹன்னா போய் அசலைத் திரும்பக் கடத்தி வந்து வைக்கிறாள். துப்பறியும் படம் பார்த்த களைப்புத்தான் மிஞ்சுகிறது.

இந்தத் திருட்டு சுவைக்காகச் சேர்த்த கற்பனைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் 1992 இல் ஏட்டைக் காப்பாற்றியவர் என்வெர் இமாமோவிச் என்ற தொல்லியல் பேராசிரியர். அவரும் ஒரு முஸ்லிம். போர்முனையில் இருந்த நூதனசாலைக்குள் சில பொலிஸாரோடு நுழைந்து அதை மீட்டார். ஏடு வங்கியின் பாதுகாப்பறைக்குப் போனது. ஆயினும் போர்க்காலத்தில் வதந்தி பரவியது: ஏட்டை விற்று அரசாங்கம் ஆயுதம் வாங்கிவிட்டதாம். அந்த வதந்தியை மறுக்கவே 1995 இன் பாஸ்கா விழாவில் ஜனாதிபதி ஏட்டை எடுத்துவந்து காட்டவேண்டியிருந்தது. உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்கள்மேல் ஒரு முறை விழுந்து துடைக்கப்பட்ட சந்தேகத்தை, கதைத் திருப்பத்துக்காக மறுபடியும் பூசுவது சரியா? பெயரை மாற்றிவிட்டேன் என்பது சட்டத்துக்குப் போதும். இலக்கியத்துக்குப் போதுமா என்பதே என் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ஹன்னாவின் தாய் ஒரு பெரிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். மகளோடு ஓயாத பிணக்கு. நாவலின் நடுவில், தன்னிடம் மறைக்கப்பட்ட தந்தை ஒரு யூத ஓவியர் என்று ஹன்னா அறிகிறாள். அதாவது அவளுக்கும் ஏட்டுக்கும் இரத்த உறவு கிடைத்துவிடுகிறது. இந்த ஏட்டின் வரலாறு நமக்குச் சொல்வது இதற்கு நேர் எதிரானதல்லவா? அதைக் காத்த கோர்குத்துக்கு அதனோடு இரத்த உறவு இல்லை. இமாமோவிச்சுக்கு இல்லை. கையெழுத்திட்டு விட்டுவிட்ட பாதிரியாருக்கும் இல்லை. தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை, தம் வேதம் அல்லாத ஒரு வேதத்தை, இது அழியக்கூடாது என்று காத்தார்கள். அதுதான் இதன் பெருமை. நாயகிக்கு வம்சாவளி தேடிக்கொடுத்த நாவல், தன் கையில் இருந்த மிகப் பெரிய உண்மையைத் தவறவிட்டுவிட்டது.

வரலாற்று நாவலுக்குக் கற்பனை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏட்டின் படமொன்றில் பாஸ்கா மேசையருகே கறுத்த நிறப் பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். அவள் யாரென்று வரலாறு சொல்லவில்லை. அவளுக்கு ஸஹ்ரா என்று பெயரும் கையில் தூரிகையும் கொடுத்தது அழகான கற்பனை. வரலாறு மௌனமாக இருக்கும் இடத்தில் கற்பனை பேசலாம். வரலாறு தெளிவாக, அதுவும் இவ்வளவு உயர்வாகப் பேசியிருக்கும் இடத்தில், அதன் குரலைத் தாழ்த்துவதற்குக் கற்பனை வரக்கூடாது.

பல காலங்களை இணைத்து எழுதும் நாவல்கள் இப்பொழுது பெருகி வருகின்றன. நம்மவரும் எழுதுகிறார்கள்; இனியும் எழுதுவார்கள். எரிந்த நூலகத்தைப் பற்றியும், இடம்பெயர்ந்தபோது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன புத்தகங்களைப் பற்றியும் ஒருநாள் பெரிய நாவல் வரத்தான் போகிறது. அதை எழுதப்போகிறவருக்கு இந்த நாவலின் தோல்வி ஒரு பாடமாக அமையலாம். ஒரு பொருள் கைமாறிப் போவதனால் மட்டும் காலங்கள் இணைவதில்லை. ஒருவர் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் இன்னொரு தலைமுறை கணக்குத் தீர்க்கும்போதே அவை இணைகின்றன. கறையைப் பார்த்து எழுதினால் துப்பறியும் கதை வரும். கடனைப் பார்த்து எழுதினால் நாவல் வரலாம்.

ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய நேயர்கள் இந்த நாவலின் வெனிஸ் அத்தியாயத்தை வாசியுங்கள். பின்னர் ஆசிரியையின் அந்த 'நியூ யோர்க்கர்' கட்டுரையைத் தேடி வாசியுங்கள். ஒரே கை எழுதிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொன்னது சரியா பிழையா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஏடு இப்போதும் சராயேவோ நூதனசாலையில் இருக்கிறது. ரசம் சிந்திய அந்தக் கறைகளும் அதில் அப்படியே இருக்கின்றன. யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பிள்ளையின் கை தட்டிச் சிந்தியிருக்கலாம். எனக்கு அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை. அதைக் காத்தவர்களின் பெயர்கள் தெரிந்திருந்தால் போதும்.